குறிஞ்சி காணச் சென்ற இளவேனிற் செலவு

மலை என்று சொல்லத்தக்க ஒரு மேடும் இல்லாத நாட்டிலிருந்து குறிஞ்சித்திணையைக் கற்பித்து வருபவர் யாம். உரும்பிராயிற் செம்மண் உண்டு. அதன் அடியிற் சுண்ணக்கல் உண்டு. கிணறும் வாழைத்தோட்டமும் வெங்காயப் பாத்தியும் உண்டு. நெய்தலை விளக்க வேண்டின் மாணாக்கரை ஒரு மாலைப்பொழுதிற் கடற்கரைக்கு அழைத்துச் செல்லலாம். மருதத்துக்கு வயல்கள் உள. முல்லைக்கு வன்னிக் காடு உளது. குறிஞ்சிக்கு யாது செய்வது? "கீரிமலை இருக்கிறதே, சேர்" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் ஆண்டுதோறும் எழும். பெயரில் மட்டும் மலையைத் தாங்கிக் கடலோரத்திற் கேணியோடு அமைந்த அத்தலத்தைக் கொண்டு குறிஞ்சியைக் கற்பித்தல் எவர்க்கும் இயலாது. குறிஞ்சிக்குரிய கருப்பொருள்களுள் நம் மாணாக்கர் கண்ணாரக் கண்டிருப்பது பெரும்பாலும் காந்தள் ஒன்றே. கார்த்திகை மாதத்தில் நம்மூர் வேலிகளிற் படர்ந்து பூக்கும் கார்த்திகைப்பூவே அக்காந்தள் என்று சொன்னவுடன் வகுப்பு சற்றே நிமிர்ந்து உட்காரும். பின்னர்ப் பழையபடி தளர்ந்துவிடும்.

எம் நிலையும் அவர்தம் நிலையின் வேறாக இருந்ததில்லை. யாம் மாணவராய் இருந்த காலத்திற் கண்டி வீதி மூடிக்கிடந்தது. 1990 ஆம் ஆண்டிற் பூட்டுண்ட அவ்வீதி 2002 ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. 2006 ஆம் ஆண்டு ஆவணியில் மீண்டும் மூடப்பட்டு, போர் முடிந்த 2009 ஆம் ஆண்டின் பின்னரே மக்களுக்கு உரியதாயிற்று. கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொன்ன தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்களையும் ஜாம் போத்தலிற் செய்த விளக்கின் முன்னிருந்து மனனஞ் செய்தோம். அவற்றுள் எது மலையில் வளர்வது, எது சுனையில் வளர்வது என்று வினவியிருப்பின் விழித்திருப்போம். கோப்பாயில் ஆசிரியப் பயிற்சி பெற்று, பல ஆண்டு குறிஞ்சியைக் கற்பித்து, முப்பது வயது கடந்த பின்னரே யாம் முதன்முதலாக ஒரு மலையைக் கண்டோம். கண்டபோது மகிழ்ச்சியினும் நாணமே மிக்கிருந்தது.

அந்நாணம் நம் மாணாக்கர்க்கும் வாய்த்தலாகாது என்னும் எண்ணத்தாலேயே 2018 ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையில், உயர்தர வகுப்பிலே தமிழ் கற்றோர் இருபத்தெண்மரை ஹோட்டன் சமவெளித் தேசிய வனத்துக்கு அழைத்துச் செல்லத் துணிந்தோம். 'செலவு' என்பது பழந்தமிழிற் பயணத்துக்குப் பெயர். இக்காலத்தில் அது பணத்துக்குப் பெயர். இரண்டு பொருளும் ஒருங்கே வந்து எம்மை நெருக்கின. பஸ் வண்டிக்காரர் கேட்ட தொகையைக் கண்டு, அகப்பொருளார் 'செலவழுங்குதல்' என்று கூறும் துறையின் பொருளை நன்குணர்ந்தோம். தலைவன் தலைவியின் பொருட்டுப் பயணத்தைக் கைவிடுவான். யாம் கைவிடவிருந்தது வாடகையின் பொருட்டு. பழைய மாணவர் சிலர் பாதித் தொகையை ஏற்றுக்கொண்டமையாற் செலவு அழுங்காது நிகழ்ந்தது.

புறப்படுதற்கு முதல்நாள் வகுப்பில் ஒரு மாணவி எழுப்பிய வினாவே இக்கட்டுரைக்கு வித்து. "சேர், குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும் என்று படித்தோம். சித்திரை இளவேனில் அல்லவா? வேனில் பாலைக்கு உரியதல்லவா? அப்படியானால் நாங்கள் போவது குறிஞ்சிக்கா, பாலைக்கா?"

வினா மிக நேர்மையானது. ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இவற்றுட் கூதிரையும் முன்பனியையும் குறிஞ்சிக்கும், வேனிலையும் பின்பனியையும் பாலைக்கும் வகுத்தார் தொல்காப்பியர். சிறுபொழுதாகக் குறிஞ்சிக்கு யாமமும் பாலைக்கு நண்பகலும் கூறினார். ஆயின் ஏனை நான்கு திணைக்கும் நிலமும் தெய்வமும் கூறியவர் பாலைக்கு அவற்றைக் கூறவில்லை. பாலையைத் தனி நிலமாகக் கொள்ளாது, முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தால் தம் இயல்பு கெட்டுத் துயரந் தரும் வடிவாய் மாறும் நிலையே அது என்று பின்னர் இளங்கோவடிகள் காடுகாண் காதையில் விளக்கினார். அஃதாவது, குறிஞ்சி ஓரிடம். பாலை ஓரிடத்துக்கு நேர்வது. இந்த வேறுபாட்டைத் தேர்வுக்காக எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியுள்ளோம். மாணவிக்கு அன்று யாம் இறுத்த விடை, "போய்ப் பார்ப்போம், பிள்ளை" என்பது மட்டுமே.

அதிகாலையிற் கருணாகரப் பிள்ளையாரை வணங்கிப் புறப்பட்டோம். ஆனையிறவில் உப்பு வெளி வெளுத்துக் கிடந்தது. முறிகண்டியில் வழக்கப்படி வண்டி நின்றது; தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, மீண்டும் ஏறினோம். அதன் பின் வவுனியா வரையும் வீதியின் இருமருங்கும் காய்ந்த புல்லும், நீர் சுருங்கிய குளங்களும், நிழலற்ற வெளிகளும். பாலை மரங்கள் ஆங்காங்கு நின்றன. வன்னியார் பாலையென்று வழங்குவது இனிய பழந் தரும் மரம். இலக்கியத்துப் பாலை வெட்பாலையென்று கூறுவார் பலர். மரம் எதுவாயினும் ஆகுக. நண்பகல், வேனில், நீண்ட வழி என்னும் மூன்றும் அங்கே ஒருங்கு கூடியிருந்தன. வெடிகளாற் கிழிபட்டுத் தலையிழந்து நின்ற பனைகள் ஒரு காலத்தில் இவ்வீதியோரம் வரிசையாக நின்றதை மாணாக்கர்க்குச் சொன்னோம். அவர்களுட் பெரும்பாலார்க்கு அந்நாள் நினைவில் இல்லை. பாலைக்கு உரிப்பொருள் பிரிவு என்பதை அவ்விடத்தில் விளக்க வேண்டிய தேவை எமக்கு நேரவில்லை. பின்வாங்குக் குரலும் அடங்கியிருந்தது.

மதவாச்சியில் மன்னாரிலிருந்து வரும் வீதி வந்து கூடுகிறது. அவ்விடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னோம். பஸ் சாரதிக்கு அது பிடிக்கவில்லை. பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில், கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டப்பட்ட காலத்தில், தமிழகத்திலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கிய ஏழை மக்கள் கால்நடையாகக் காடு கடந்து மாத்தளைக்குச் சென்ற திசை இது. நீரின்றியும், காய்ச்சல் வாந்திபேதி முதலியவற்றாலும், வழியிலேயே மாண்டவர் பலர். தமிழில் எழுதப்பட்ட பாலைப் பாட்டுகளிற் பொருள் தேடிச் செல்பவன் தனியே செல்வான். வீட்டிலே ஒருத்தி காத்திருப்பாள். இவர்களோ மனைவி மக்களோடு சென்றனர். காத்திருக்கப் பின்னால் எவரும் இலர். இதனைப் பாடுதற்குத் தொல்காப்பியத்தில் ஒரு துறையும் எமக்குத் தோன்றவில்லை. 2023 ஆம் ஆண்டில், மலையகத் தமிழர் வரலாற்றின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தே சென்றபோது, அன்று மதவாச்சிச் சந்தியில் எம்மோடு வெயிலில் நின்ற மாணவர் ஒருவர் அச்செய்தியை எமக்கு அனுப்பியிருந்தார்.

தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்னும் இடங்களை விரைந்து கடந்தோம். கம்பளைக்கு அப்பால் வீதி சுழன்று சுழன்று ஏறத் தொடங்கியது. இறம்பொடைக்குக் கிட்டச் செல்லுமுன் இருபத்தெண்மருள் பதினொருவர் வாந்தியெடுத்தனர். குறிஞ்சியின் சிறப்பை உரைக்க அது பொழுதன்று என்று வாளாவிருந்தோம். தலையை வெளியே நீட்டியவர் கண்டவை மலைகளே. ஆயின் அம்மலைகளின் மேற் காட்டைக் காணவில்லை. அடிமுதல் முடிவரை சீராகக் கத்தரித்த தேயிலை. "மலை எல்லாம் தலைமயிர் வெட்டினது போல இருக்கு" என்றான் ஒருவன். வெட்டினவர் யார் என்று கேட்டு, கதையைச் சொன்னோம். 1820களில் கம்பளைப் பக்கத்திற் கோப்பித் தோட்டம் தொடங்கியது. அதன்பின் மலைச்சரிவுகளின் பெருங்காடுகள் வீழ்ந்தன. 1867 ஆம் ஆண்டில் யேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரையிற் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். 1869 ஆம் ஆண்டில் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கவே, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. எஞ்சிய காடு எஞ்சியது எவ்வாறு எனின், 1873 ஆம் ஆண்டில் யோசப் ஹூக்கர் என்னும் தாவரநூற் பேரறிஞர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடாது விடுக என்று ஆங்கில அரசுக்கு அறிவுரை கூறினார். அரசும் அவ்வாறே கட்டளையிட்டது. ஒரு கோட்டினை வரைந்து, இதற்கு மேல் கோடரி ஏறலாகாது என்றார்கள். மறுநாள் யாம் காணவிருந்தது அக்கோட்டுக்கு மேலே தப்பியிருந்த காடு.

நுவரெலியாவில் இரவு தங்கினோம். சித்திரை அவ்வூரின் திருவிழாக் காலம். குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் கூட்டமும். கொழும்பார் கொண்டாடும் வசந்தம் அது. எமக்கு அதில் நாட்டமில்லை என்று எழுதினால் மாணாக்கர் மறுப்பர். ஆகவே அதனை விடுக்கின்றோம்.

காலை நான்கரை மணிக்கு இரண்டு வேன்களிற் புறப்பட்டு, அம்பேவெல, பட்டிப்பொல வழியாக விடியும் பொழுதில் வனத்தின் வாயிலை அடைந்தோம். அங்கே எமக்கு ஒரு தலைகுனிவு நேர்ந்தது. பொலித்தீன் பைகள் உள்ளே செல்லலாகாது என்பது அவ்வனத்தின் விதி. அவற்றைத் தின்று மரைகள் மடிகின்றன. எம் காலையுணவுப் பொதிகள் முப்பதும் பொலித்தீன் தாளிற் கட்டப்பட்டிருந்தன. காவலர் ஒவ்வொரு பொதியையும் பொறுமையோடு அவிழ்ப்பித்துத் தாளை வாங்கிக்கொண்டார். வாழைத்தோட்டத்தின் நடுவே வாழும் ஊரவர், வாழையிலையை விட்டுப் பொலித்தீனிற் சோறு கட்டிக் குறிஞ்சிக்கு வந்தோம். ஏற்பாடு எம்முடையது, ஆகவே பிழையும் எம்முடையதே.

ஹோட்டன் சமவெளி கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீற்றர் முதல் 2,300 மீற்றர் வரை உயர்ந்த ஒரு மேட்டுநிலம். பரப்பு 3,160 ஹெக்டெயர். மகா எலிய என்பது அதன் சிங்களப் பெயர். 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயரைப் பின்னர்ச் சூட்டினர். 1969 ஆம் ஆண்டிற் காப்பிடமாகவும், 1988 ஆம் ஆண்டில் தேசிய வனமாகவும் ஆக்கப்பட்டது. 2010 ஆம் ஆண்டில், சிவனொளிபாதமலைக் காட்டோடும் நக்கிள்ஸ் மலைக்காட்டோடும் சேர்த்து இதனை யூனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது.

ஒன்பது கிலோமீற்றர் வரையிலான சுற்றுப்பாதையில் நடந்தோம். ஒருபாற் பத்தனைப் புல்வெளி. மறுபாற் குறுகி முறுகிய மரங்களடர்ந்த முகிற்காடு. மரமெல்லாம் பாசி போர்த்திருந்தது. காற்று முகிலைத் தள்ளிக்கொண்டு வருகையில் இலையும் பாசியும் அதனைத் தடுத்து நீராக்கிச் சொட்டச் செய்கின்றன. மழையே பெய்யாத பொழுதிலும் அக்காட்டின் அடியில் நிலம் நனைகிறது. ஒரு மாணவன் மரத்தின் கீழ்க் கையை ஏந்தி நின்று, சிறிது பொழுதில் உள்ளங்கை நிறைய நீர் காட்டினான். கிணற்று நீரன்றி வேறறியாத பிள்ளை. மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று கங்கைகளுக்கும் தலைநீர் தருவது இச்சமவெளியும் இதனைச் சூழ்ந்த மலைகளும் என்றோம். அந்நீர் நம்மூர்க் கிணறுகளுக்கு வருவதில்லை. ஆயினும் மலையாறுகளை மறித்து எடுக்கும் மின்சாரம் நம் வீட்டு விளக்கையும் எரிக்கின்றது.

அக்காட்டில் மிகுதியாக நிற்பது கீனை என்னும் மரம். குடைபோல விரிந்த தலையும் சிறிய தடித்த இலையும் உடையது. தாவரநூலார் இதனைப் புன்னை இனத்தில் வைப்பர். நெய்தற் பாட்டுகளில் தலைவி சாய்ந்து நிற்கும் புன்னையின் உறவினம், இரண்டாயிரம் மீற்றர் உயரத்தில் முகிலுக்குள் நிற்கிறது! நாவலின் உறவினங்களும் அங்கே உள. திணைமயக்கம் என்று புத்தகத்திற் படித்ததை அன்று தொட்டுப் பார்த்தோம்.

இளவேனிலும் அங்கே இருந்தது. மரங்களின் கொழுந்திலைகள் செம்பொன்னாய் மின்னின. காட்டுப்பூவரசு என்று நீலகிரியார் வழங்கும் மரத்தின் இனம் புல்வெளியிற் குருதிச் செம்மையாய்ப் பூத்திருந்தது. மஞ்சட் பூவோடு முட்புதரொன்று கவர்ச்சியாய் நின்றது. அது ஆங்கிலேயர் கொணர்ந்த களை என்றறிந்து மாணாக்கர் வருந்தினர். உலகமுடிவு என்னும் செங்குத்துப் பாறையின் விளிம்பை ஒன்பது மணிக்கு முன் அடைந்தமையால், எண்ணூறு மீற்றருக்கு மேற்பட்ட பள்ளத்தையும் அதற்கப்பாற் தெற்கே விரிந்த சமநிலத்தையும் கண்டோம். கால் மணி நேரத்தில் முகில் கீழிருந்து எழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

"குறிஞ்சிப் பூ எங்கே, சேர்?" என்று எல்லாரும் கேட்டனர். நெலு என்று சிங்களத்தில் வழங்குவது குறிஞ்சி இனமே. நீலகிரியிற் பூக்கும் நீலக்குறிஞ்சியோடு ஒரே சாதியன்றாயினும் ஒரே குடும்பம். ஏறத்தாழப் பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை திரளாகப் பூத்து, விதை உதிர்த்து, மாண்டுபோகும் இயல்பினது. ஹோட்டன் சமவெளியில் 2013 ஆம் ஆண்டிற் பூத்தது. ஆகவே யாம் கண்டவை அவ்விதையில் முளைத்த இளஞ்செடிகள். பூவில்லை, வெறும் பச்சை. அவ்வாண்டின் பிற்பகுதியில் நீலகிரியிலும் மூணாற்றிலும் நீலக்குறிஞ்சி மலைமலையாய்ப் பூத்ததைப் பின்னர்ப் படத்திற் கண்டோம். மாணாக்கர் தங்கள் முழங்காலளவு நின்ற செடிகளைச் சூழ நின்று, அடுத்த பூப்பில் தமக்கு எத்தனை வயது என்று விரல் மடக்கி எண்ணினர்.

திரும்பும் வழியிலேதான் மாணவியின் வினாவுக்கு விடை நின்றது. காட்டின் ஒரு பகுதியில் மரங்கள் இலையின்றி வெளிறி, நின்றபடியே இறந்திருந்தன. ஒன்றிரண்டல்ல, சரிவு முழுதும். தீயும் இல்லை, கோடரியும் இல்லை. பல்லாண்டுகளாக இச்சமவெளிக் காடு நுனியிலிருந்து கருகி இறந்து வருகிறது. கீனைக்கும் அதன் பங்கு உண்டு. மண்ணின் புளிப்பும் நஞ்சும், நீர்க்குறைவு, காற்றில் வரும் மாசு என்று ஆய்வாளர் பல காரணங்களை ஆராய்ந்துள்ளனர். ஒன்றே காரணம் என்று முடிவு கட்டவில்லை. மரம் இறந்த இடத்தில் முகிலைத் தடுத்து நீராக்குவது எதுவும் இல்லை. காற்று அதனை ஏந்திக்கொண்டு அப்பாற் போய்விடுகிறது.

மாணவி எம்மை நோக்கினாள். யாம் ஒன்றும் சொல்லவில்லை. "இது பாலை, சேர்" என்றாள். "வெயில் இல்லை. ஆனாலும் பாலை."

தொல்காப்பியரின் காலப் பாகுபாடு பிழையென்று கூற வந்தோமல்லேம். மார்கழி, தை மாதங்களில் அப்புல்வெளியில் உறைபனி படியும் என்று காவலர் கூறினார். முன்பனியைக் குறிஞ்சிக்கு வைத்தது எத்துணைப் பொருத்தம்! யாமமும் அவ்வாறே. அழிந்ததோ என்று ஐயுற்ற தேவாங்கு ஒன்று அக்காட்டில் முதன்முதலாக நிழற்படத்தில் அகப்பட்டது. இரவில் உலவும் அவ்வுயிரை எம் மாணாக்கர் காணவில்லை, மாலையில் வனத்தின் வாயில் அடைபடுவதால். ஆயின் இளவேனிற் காலத்து முகிற்காட்டைப் பாலையென்று எவரும் கூறார். வேனில் வந்த இடத்திற் குறிஞ்சி குறிஞ்சியாகவே இருந்தது. வேனிலின் சுடுவெயில் எட்டாத இடத்திற் பாலை தோன்றியிருந்தது. திரிவதற்கு ஞாயிற்றின் வெப்பம் மட்டுமே காரணமென்று நாம் வகுப்பிற் சொல்லி வருவதைத் திருத்திக்கொள்ளல் வேண்டும் என்பதே எம் கருத்து. நக்கிள்ஸ் மலைப் பக்கம் சென்று வந்த நண்பர் ஒருவர், அங்கே காட்டின் நிழலில் ஏலம் பயிரிட்ட சரிவுகளைப் பற்றி இவ்வாறே கூறினார்.

பிற்பகலில், சித்திரைக்குரிய இடிமழை பிடித்துக்கொண்டது. குளிர்ச்சட்டை கொண்டுவராதோர் அறுவர். அவர்க்கு எம் சால்வையும் போதவில்லை.

ஆண்டிறுதித் தேர்வில், பாலைத்திணைக்கு நிலம் கூறுக என்னும் வினாவுக்கு அம்மாணவி, பாலைக்குத் தனி நிலம் இல்லை என்று எழுதி, அதன் கீழே, ஆனையிறவு முதல் மதவாச்சி வரை, இறம்பொடை மலைச்சரிவு, ஹோட்டன் சமவெளியின் ஒரு பகுதி என்று மூன்றிடங்களைக் குறித்திருந்தாள். புள்ளித் திட்டத்தில் இதற்கு இடமில்லை. சிவப்பு மையைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தோம். பின்பு முழுப் புள்ளியும் இட்டோம். மீண்டும் ஒருமுறை செல்லுதல் பற்றிப் பழைய மாணவர் சிலர் இப்பொழுது பேசுகின்றனர். செல்வோர் நுவரெலியாவிலிருந்து நாலரை மணிக்கு முன் புறப்படுக. ஆளுக்கொரு குளிர்ச்சட்டை கொள்க. சோற்றை வாழையிலையிற் கட்டுக.